போடுமுன் கிளறிப் பார்

ஏப்ரல் கடைசிக் கிழமை, காலை ஏழு மணி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு டிரைவ்வேயில் லொறி வந்து மூன்று யார்ட் மல்ச்சை, அதாவது பாத்தியை மூடுகிற மரப்பட்டைத் துண்டுகளை, கொட்டிவிட்டுப் போயிருக்கும். இரவு விழுந்த பனியில் புல்நுனி வெளுத்துக் கிடக்கும். குவியலில் போர்க்கைக் குத்தி ஒரு வாரு வாரினால் உள்ளேயிருந்து வெள்ளையாக ஆவி எழும்பும். கையை விட்டால் சுடும். மரப்பட்டை உக்கும்போது நுண்ணுயிர்கள் கிளப்புகிற சூடு அது. பெரிய குவியலின் நடுவில் 60 பாகை செல்சியஸ் வரைக்கும் ஏறும். கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்த பிறகுதான் நான் வீல்பரோவைத் தொடுவேன். இருபத்தைந்து வருடமாக என் வசந்தம் இப்படித்தான் தொடங்குகிறது.

மழைக்குப் பிறகு பற்றைக்காட்டில் வரும் மணம் வந்தால் நல்ல மல்ச். வினாகிரி மாதிரியோ அமோனியா மாதிரியோ மூக்கில் ஏறினால் புளித்த மல்ச். காற்றுப் புகாமல் உயரமாகக் குவித்து வைத்த இடத்தில் அமிலம் ஊறி அப்படி ஆகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை மணக்காமலே போட்டேன். காலையில் பரப்பியது, பின்னேரம் பார்த்தால் ஹொஸ்ரா இலைகளின் ஓரமெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. போட்டதையெல்லாம் திரும்ப வாரி எடுத்து, பாத்தியை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வேர் தப்பியதால் ஜூனில் புது இலை வந்தது. புளித்த மல்ச்சை எறியத் தேவையில்லை. தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, நனைத்து, நாளுக்கொருமுறை புரட்டி விட்டால் சில நாட்களில் தெளிந்துவிடும். அன்றிலிருந்து மணக்காமல் ஒரு வண்டிகூட இறக்கியதில்லை.

மல்ச்சைத் தமிழ்நாட்டில் மூடாக்கு என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை; ஆனால் அதற்கு உறவான வேலை ஒன்று இருந்தது. எங்கள் தறை யாழ்ப்பாணத்து உரும்பிராயில். செம்பாட்டு மண். கீழே சுண்ணாம்புப் பாறை, இறைக்கிற தண்ணீர் நில்லாமல் இறங்கிவிடும். மிளகாய் நடுவதற்கு முன் ஐயா வேலியில் நிற்கும் பூவரசையும் சீமைக்கிளுவையையும் வெட்டி, கொத்திய கானுக்குள் அந்தக் குழையைப் பரப்பி, மேலே மண்ணை இழுத்து மூடுவார். குழை தாழ்க்கிறது என்போம். கூரையிலிருந்து இறக்கிய பழைய பனையோலையும் அப்படித்தான் மண்ணுக்குள் போகும். கடகத்தில் குழை சுமந்து கொடுப்பது என் வேலை. வேலியில் முளைத்தது தறைக்கே திரும்ப வேண்டும் என்பது ஐயாவின் கணக்கு. 1995இல் போரால் வந்த யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அந்தத் தறை எங்கள் கையை விட்டுப் போனது. கணக்கு மட்டும் என்னோடு வந்தது.

அந்தக் கணக்கை இங்கே முதலில் பிழையாகவே போட்டேன். வாடகை வீட்டின் பின்வளவில் எனக்கென்று ஒரு மரக்கறிப் பாத்தி வெட்டி, மரம் வெட்டுகிறவர்கள் சும்மா தந்த மரச்சிராயை, ஐயா குழை தாழ்த்தது போல மண்ணுக்குள்ளே கொத்திக் கலந்தேன். மிளகாய்க் கன்று முழங்கால் உயரம்கூட வரவில்லை, இலையெல்லாம் மஞ்சள். காரணம் பிறகுதான் விளங்கியது. பச்சைக் குழையில் தழைச்சத்து உண்டு; மரச்சிராயில் அது மிகக் குறைவு. சிராயை உக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். அதே சிராயை மண்ணுக்கு மேலே போட்டால் இந்தக் கெடுதல் இல்லை. மண்ணைத் தொடுகிற மெல்லிய படையில் மட்டுமே அந்த இழுபறி நடக்கும், வேருக்கு எட்டாது. குழை உள்ளே, மரம் மேலே. இரண்டு வரியில் எழுதிவிடக் கூடிய இந்தப் பாடத்துக்கு நான் ஒரு கோடையைக் கொடுத்தேன்.

1999 வசந்தத்தில் ஒரு தோட்ட வேலைக் கம்பனியில் சேர்ந்தேன். அங்கே எனக்குச் சொல்லித் தந்தது வேகம். ஒரு நாளைக்கு நாலு வீடு. பாத்தியில் விழுந்து கிடக்கிற காய்ந்த தண்டை வெட்டு, வாரு, மூன்று அங்குலம் மல்ச் போடு, ஊது, அடுத்த வீடு. போன வருடம் போட்ட மூன்று அங்குலம் என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. புதிதாகக் கறுப்பாகத் தெரிந்தால் வீட்டுக்காரருக்குத் திருப்தி, கம்பனிக்குக் காசு. நானும் கேள்வி கேட்கவில்லை. பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியபோதும் அதே பழக்கத்தைத்தான் கொண்டுவந்தேன்.

2009 ஏப்ரல் 22இல் ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகக் களைகொல்லியும் பூச்சிகொல்லியும் அடிப்பதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். பிள்ளைகள் உருண்டு விளையாடுகிற புல்லில் மருந்தடித்த கையால் நானும் மாலையில் சோறு தின்றிருக்கிறேன். மருந்து போனதும் களையைத் தடுக்கக் கையும் மல்ச்சும்தான் மிஞ்சின. வெளிச்சம் படாவிட்டால் களைவிதை பலதும் முளைக்காது. அதனால் எல்லோரும் இன்னும் தடிப்பாகப் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன்.

என்னை நிறுத்திக் கேட்டவர் ரீச்சர். ஊரில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், மகளோடு இருந்தார். நான் அவர்கள் வீட்டுக்கு ஆறாவது வசந்தமாகப் போயிருந்தேன். வாசல்படியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, போன வருசம் போட்டது எங்கே?"

"உக்கியிருக்கும் ரீச்சர்."

"உக்கினதோ இல்லையோ எண்டு நீர் பாத்தனீரோ?"

நான் பார்க்கவில்லை. அவர் முன்னாலேயே பாத்தியில் குந்தி, கைக்கரண்டியால் ஓரிடத்தைத் தோண்டினேன். மேலே சாம்பல் நிறமாக வெளிறிய ஒரு படை. அதற்குக் கீழே வெள்ளைப் பூஞ்சண இழை பின்னி, கிடுகு மாதிரி இறுகிப்போன ஒரு தகடு. அதற்கும் கீழே இன்னொரு வருடத்தின் தகடு. மண்ணைத் தொட என் உள்ளங்கை முழுதும் உள்ளே போகவேண்டியிருந்தது. ரீச்சர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஊற்றினேன். தாமரையிலையில் விழுந்தது போலத் தண்ணீர் முத்தாகி, சரிவில் உருண்டு நடைபாதைக்குப் போனது. ஒரு துளி இறங்கவில்லை. முதல் நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. தகட்டை உடைத்துக் கீழே இருந்த மண்ணை எடுத்தேன். மாவு போல உலர்ந்திருந்தது.

ஈரத்தைக் காக்கவென்று ஐந்து வருடம் காசு வாங்கிப் போட்டது, ஈரம் உள்ளே போகாமல் மறித்துக்கொண்டிருந்தது. அன்று கொட்டிய மல்ச்சில் ஒரு பிடிகூட அந்தப் பாத்தியில் போடவில்லை. முழுநாளும் பழையதை உடைத்துப் புரட்டி, மிஞ்சியதை வாரி வெளியேற்றினேன். என் தொழில் அந்த நாளில்தான் திரும்பியது.

அன்றிலிருந்து நான் செய்கிற ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலாவது, பொறுத்திருப்பது. மார்ச் கடைசியில் இரண்டு நாள் வெயிலடித்ததும் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். நான் போவதில்லை. ஸ்காபரோவின் பெரும்பாலான வளவுகள் களிமண். ஈரக்களியில் மிதித்தால் அந்த வருடம் முழுதும் அது செங்கல். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பார்ப்பேன். பிடிகொழுக்கட்டை போல அப்படியே நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. விரலால் தட்டினதும் உதிர்ந்தால் இறங்கலாம். குளிர்ந்த மண்ணை மூடினால் குளிரையும் சேர்த்தே மூடிவைக்கிறோம், செடி எழும்பப் பிந்தும். இன்னொரு காரணமும் உண்டு. வண்டுத்தேனீ என்று நாங்கள் சொல்கிற பெரிய தேனீயின் ராணி, குளிர்காலத்தை மண்ணுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் தனியாகக் கழிக்கிறது. இந்த நாட்டுக்கே உரிய தேனீக்களில் பெரும்பாலானவை நிலத்தில் பொந்து வைப்பவை. அவை வெளியே வருமுன் தடிப்பாக மூடிவிட்டால், அந்த வருடம் பூவுக்கு வர ஆள் இல்லை. இலை வருமுன்னே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் போர்சித்தியா பூத்து முடிந்து, புல்லில் டண்டலயன் பூக்கிற சமயம்தான் என் நாள். மரக்கறிப் பாத்திக்கு இன்னும் பொறுக்க வேண்டும். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வருகிற விக்ரோரியா தினம் வரை உறைபனி வரலாம் என்பது இங்கத்தைய தோட்டக்காரரின் கணக்கு. கன்றை நட்டு மண் சூடேறிய பிறகே அங்கே மூடாக்கு.

இரண்டாவது, துப்புரவு. போன வருடத்துக் காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டாமல் ஒரு முழம் விட்டு வெட்டுவேன். பொள்ளலான தண்டுக்குள் சிறு தேனீக்கள் முட்டையிடும். கோடையில் புது இலை அவற்றை மறைத்துவிடும், யாருக்கும் அசிங்கமாகத் தெரியாது. டண்டலயனை மழைக்கு அடுத்த நாள் ஆணிவேரோடு இழுப்பேன். அறுந்த வேர்த்துண்டிலிருந்து அது திரும்ப வரும்.

மூன்றாவது, விளிம்பு. பாத்திக்கும் புல்லுக்கும் நடுவே அரைநிலா வடிவ மண்வெட்டியால் மூன்று நாலு அங்குல ஆழத்துக்கு ஒரு கான் வெட்டுகிறேன். புல்வேர் பாத்திக்குள் ஏறாது, மல்ச்சும் புல்லுக்கு வழியாது. இந்த விளிம்பு வடிவாக இருந்தால் பாத்தி பாதி புதிதாகிவிடும். புது மல்ச் போடாமலே இதை மட்டும் செய்து கொடுத்த வீடுகள் பல. பக்கத்து வீட்டார் வந்து, எங்கே மல்ச் வாங்கினது என்று கேட்டிருக்கிறார்கள்.

நாலாவது, கிளறுவது. வாரியால் பழைய படையை உடைத்துப் புரட்டிவிட வேண்டும். கீழே கிடந்தது மேலே வரும், நிறம் திரும்பும், தண்ணீர் இறங்கும். பிறகு நாலைந்து இடத்தில் விரலை விட்டு அளப்பேன். மொத்தம் இரண்டு மூன்று அங்குலம் இருந்தால் போதும். அதற்குக் குறைந்ததை மட்டும் நிரப்புவது, அவ்வளவுதான்.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. ஒரு யார்ட் என்பது 27 கன அடி. மூன்று அங்குலம் போட்டால் 108 சதுர அடி மூடும். ஒரு அங்குலம் போட்டால் 324 சதுர அடி. நடுத்தர வீட்டின் முன்பாத்தி 300 சதுர அடி என்று வையுங்கள். பழக்கத்தில் மூன்று யார்ட் இறக்குவோம். கிளறி அளந்து பார்த்தால் பல வருடங்களில் ஒரு யார்ட் காணும். ஆறு கன அடி வீல்பரோவில் பதினாலு நடைக்குப் பதிலாக ஐந்து நடை. இப்படிச் சொல்லத் தொடங்கிய முதல் வருடம் என் வருமானம் குறைந்தது உண்மை. இரண்டாம் வருடம், சொன்ன வீட்டுக்காரர்களே வேறு வீடுகளை அனுப்பினார்கள்.

ஐந்தாவது, எங்கே போடக்கூடாது என்பது. தாடி ஐரிசின் கிழங்கு வெயில் காயவேண்டியது, அதை மூடினால் அழுகும். பியோனியின் செம்மொட்டுக்கு மேல் குவித்தால் இலை வரும், பூ வராது. லாவெண்டருக்கு ஈரம் ஆகாது. வீட்டுச் சுவரில் முட்டவிடக்கூடாது. நாய் வளர்க்கிற வீட்டில் கொக்கோக் கோதினால் செய்த மல்ச் ஆகவே ஆகாது. சொக்கிளேற்றில் நாய்க்கு நஞ்சான அதே பொருள் அதிலும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரியது மரத்தின் அடி. இந்த நகரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும், மரத்தைச் சுற்றி மல்ச்சைக் கறையான் புற்று மாதிரிக் குவித்து அடிமரத்தை மூடி வைத்திருப்பதைக் காணலாம். நானும் குவித்தேன். ரீச்சர் வீட்டு முன்வளவில் ஒரு நோர்வே மேப்பிள் நின்றது. பாத்தியைக் கிளறிய அடுத்த கிழமை, அதே சந்தேகத்தோடு அந்த மரத்தடியைத் தோண்டினேன். அடிமரம் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் அகன்று, வேர்கள் கால்விரல்கள் போலப் பிரிவது தெரிய வேண்டும். இங்கே மின்கம்பம் நட்டது போல நேராக இறங்கியது. ஒரு சாண் ஆழம் மல்ச்சை விலக்கிய பிறகு பட்டை தெரிந்தது. கறுத்து, நனைந்து, பெருவிரலால் அமத்தினால் பதிந்தது. மல்ச்சுக்குள்ளேயே புது வேர்கள் முளைத்து, வெளியே ஓடாமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தன. மெல்லியதை உளியால் வெட்டினேன். ஒன்று என் மணிக்கட்டுத் தடிப்பு. அது அடிமரத்துக்குள்ளேயே பதிந்து கிடந்தது.

மரநிபுணர் ஒருவரைக் கூட்டிவந்தேன். பதிந்த வேரை வெட்டினால் மரமும் காயப்படும் என்றார். மேலே பாரும் என்று ஒரு பக்கக் கொம்பரைக் காட்டினார். அந்தப் பக்கம் இலை சிறுத்து, உச்சி காய்ந்திருந்தது. இரண்டு கோடையாக அந்தக் கொம்பரின் இலை முந்திப் பழுத்ததை நானே பார்த்திருக்கிறேன், வடிவு என்று நினைத்தேன். நாலு வருடம் தாக்குப்பிடித்தது. பிறகு நகரசபையின் அனுமதி பெற்று வெட்டினார்கள். வெட்டிய அடிக்கட்டையில், கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதற்குள் கையை வைத்துப் பார்த்தேன். சாறு ஓடும் வழியை அந்த வேர் நெரித்திருந்தது. அந்த வேருக்கு இடம் கொடுத்தது நான் குவித்த மல்ச்.

ரீச்சர் என்னை ஏசவில்லை. "இனி நடுறதை ஒழுங்கா வையும்" என்றார். அதே இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இந்த மண்ணுக்கே உரிய சேர்விஸ்பெரி ஒன்றை நட்டேன். அதன் மூடாக்கு கிணற்றுக்கட்டு மாதிரி இருக்கும். நடுவில் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் வெறும் நிலம், அதற்கு வெளியே வட்டமாக மூன்று அங்குலம். வேர் பிரிகிற இடம் வீதியில் போகிறவர்களுக்கும் தெரியும்.

எந்த மல்ச் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாயம் போட்ட கறுப்புத்தான் கூட விலைப்படுகிறது. சாயம் பெரும்பாலும் கரியும் இரும்பு ஒக்சைட்டும், அதைவிட நான் கவலைப்படுவது சாயத்துக்கு அடியில் இருக்கிற மரத்தை. பழைய பலகையும் கட்டட இடிபாடும் அரைத்த சிராய் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. நான் சாயமில்லாத பைன் பட்டையோ சீடரோ வாங்குகிறேன். அடியில் துணி விரிக்கிற வேலையை எடுப்பதில்லை. துணிக்கு மேலே மல்ச் உக்கி மண்ணாகும், அந்த மண்ணில் களை முளைத்துத் துணிக்குள் வேரை விடும், பிறகு இரண்டையும் பிரிக்க ஒருவராலும் முடியாது. கீழே இருக்கிற மண்ணுக்கோ ஒரு பிடி உக்கலும் கிடைக்காது.

ஆனால் எல்லாவற்றிலும் நல்லது நம் வளவிலேயே விழுகிறது. ஒக்ரோபரில் சருகை எல்லாம் வாரி, கடதாசிப் பைகளில் அமுக்கி, தெருவோரம் வரிசையாக வைக்கிறோம். மே மாதம் காசு கொடுத்து மரச்சிராயை வாங்கி வருகிறோம். அந்தச் சருகின் மேல் புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டுமுறை ஓட்டினால் தூளாகும். அதைப் பாத்தியில் போட்டால் வசந்தத்துக்குள் பாதி உக்கி, மண்புழு கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். வேலியில் முளைத்தது தறைக்கே திரும்ப வேண்டும் என்று ஐயா சொன்ன கணக்கு இங்கேயும் சரிவருகிறது. இதை விளங்கிக்கொண்ட வீடுகளில் இப்போது என் மல்ச் வேலை வருடத்துக்கு வருடம் குறைகிறது. அவை என் கைக்குள் இருக்கிற பாத்திகளில் மிக நல்லவை.

இந்த வசந்தத்தில் மல்ச்சுக்குச் சொல்லுமுன், ஒரு கைக்கரண்டியோடு உங்கள் பாத்தியில் ஐந்து நிமிடம் குந்துங்கள். பழையது எவ்வளவு கிடக்கிறது என்று விரலால் அளந்து பாருங்கள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, இறங்குகிறதா உருளுகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் மரத்தடிக்குப் போய், அடிமரத்தை மூடிக் கிடப்பதை இரண்டு கையாலும் விலக்கிவிடுங்கள். அதற்கு எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடத் தேவையில்லை.